பேண்ட் நீளமாக இருக்கிறது. மெஷின் இல்லாமல் வீட்டிலேயே மடித்துத் தைக்க முடியுமா?

தாராளமாக முடியும். பருத்தித் துணி என்றால் முதலில் ஒருமுறை துவைத்துவிடுங்கள். சுருங்க வேண்டியது சுருங்கட்டும். வழக்கமான ஷூவோடு பேண்ட்டைப் போட்டு நிமிர்ந்து நின்று, வேறு யாரையாவது வேண்டிய நீளத்தில் குண்டூசி குத்திக் குறிக்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்தால் அளவு மாறிவிடும்.

குறிக்குக் கீழே 4 செ.மீ. விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். உள்பக்கமாக 1 செ.மீ., அப்புறம் 3 செ.மீ. மடித்து இஸ்திரி போடுங்கள். மடிப்பின் விளிம்பில் ஊசியை விட்டு, வெளித்துணியில் ஒன்றிரண்டு இழையை மட்டும் கோத்து எடுங்கள். பேண்ட் நிறத்திலேயே நூல் இருந்தால் வெளியே தையல் தெரியாது. நூலை இறுக்கி இழுத்தால் சுருக்கம் விழும், கவனம்.

வளரும் பிள்ளையின் யூனிஃபார்ம் என்றால் வெட்டவே வேண்டாம், முழுவதையும் உள்ளே மடித்துவிடுங்கள். ஜீன்ஸை மட்டும் தையல்காரரிடம் கொடுப்பதே மேல். பக்கத் தையல் சேருமிடத்தில் துணி தடித்திருக்கும், கையால் ஊசி இறக்குவது கஷ்டம்.