பழைய காரின் சீட்டையும் உள்வேலையையும் அதிகச் செலவில்லாமல் புதுப்பிப்பது எப்படி?

பழைய கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினீர்கள், சீட்டெல்லாம் கிழிந்து கிடக்கிறது, உள்வேலைக்குக் கேட்கும் தொகை மலைக்க வைக்கிறது, குறைந்த செலவில் முடிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. என் காரை அப்படித்தான் முடித்தேன்.

இந்த வேலையில் ரெக்சினைவிடக் கூலிதான் பெரிய செலவு. அந்தக் கூலியிலும் தையல் ஒரு பங்குதான். சீட்டைக் கழற்றுவது, உறையை உரிப்பது, துருவைச் சுரண்டுவது, திரும்ப மாட்டுவது என்று மற்றதுதான் நாள்கணக்கில் இழுக்கும். இவை எல்லாம் நாமே செய்யக்கூடியவை. தையலை மட்டும் சீட் தைத்துப் பழகியவரிடம் கொடுங்கள். தையல் ஓரத்தில் உருண்டு நிற்கும் பட்டி, அதாவது பைப்பிங், வரும் இடத்தில் நான்கு மடிப்பு ரெக்சின் சேரும், வீட்டுத் தையல் மெஷின் அங்கே திணறிவிடும்.

சீட் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கும். முந்தைய இரவே எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். சீட்டைக் கவிழ்த்தால் உறையை ஃபிரேமோடு பிடித்திருக்கும் சின்னச் சின்னக் கம்பி வளையங்கள் தெரியும். கட்டிங் பிளையரால் ஒவ்வொன்றாக வெட்டி எடுங்கள். உறையின் உள்பக்கத்தில் துணிக்குழாய் போல் தைத்து, அதற்குள் ஒரு கம்பி கோத்திருப்பார்கள். அதைத் தொலைத்துவிடாதீர்கள். புது உறை குழிவுகளில் படிந்து உட்காருவது அந்தக் கம்பியால்தான்.

பழைய உறையைக் குப்பையில் போட வேண்டாம், அதுதான் அளவு. தையலைப் பிரிக்கும் முன்பே ஒவ்வொரு துண்டிலும் எண் போட்டு, இது இடது, இது முன்பக்கம் என்று எழுதி, இரண்டு துண்டு சேரும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நிறைய போட்டோ எடுங்கள்.

நூலில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். முதல் முறை நான் சீட்டை மொத்தமாக ஒரு கடையில் விட்டேன். சாதாரணப் பருத்தி நூலில் தைத்துவிட்டார்கள். ரெக்சின் புதுசாகவே இருந்தது, டிரைவர் சீட்டின் ஓரம் மட்டும் வெயிலிலும் வியர்வையிலும் நூல் இற்று வரிசையாக வாய் பிளந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. தடித்த பாலியெஸ்டர் நூல்தான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஃபோமை முழுதாக மாற்ற வேண்டும் என்றில்லை. அழுத்தினால் மேலெழும்புகிறதா? அப்படியானால் மேலே ஒரு அங்குலம் புது ஃபோம் ஒட்டினால் போதும். ஆனால் ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவே கெட்டியான சாக்குத் துணி கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிங் ஃபோமை அறுத்துத் தின்றுவிடும். மாட்டும் நாளில் புது உறையைக் கொஞ்ச நேரம் வெயிலில் போடுங்கள், இளகி நன்றாக இழுபடும். ஃபோமின் மேல் மெல்லிய பாலித்தீன் தாளைப் போர்த்திக்கொண்டால் உறை வழுக்கிக்கொண்டு இறங்கும்.

அசல் தோல் சீட் என்றால் அவசரப்பட்டு உரிக்காதீர்கள். காய்ந்து நிறம் மங்கியது மட்டும்தான் குறை என்றால், சுத்தம் செய்து, கண்டிஷனர் தடவி, தோலுக்கான சாயம் பூசினாலே உயிர் வந்துவிடும். சின்னக் கிழிசலுக்கு உள்ளே துணி வைத்து ஒட்டலாம்.

கதவின் உள்பலகை ஊதிப்போயிருந்தால் பழையதை மேலே வைத்து வரைந்து, ஹார்ட்போர்டில் புதிதாக வெட்டி ரெக்சின் ஒட்டிவிடலாம். பின்னால் பாலித்தீன் தாள் வைக்காவிட்டால் கதவுக்குள் இறங்கும் மழைநீரில் அதுவும் ஊதும். கார்பெட் கடைசி வேலை. அதற்கு முன் காரின் மேல் தண்ணீர் பீய்ச்சி, எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து அடையுங்கள்.

கூரைத் துணியில் மட்டும் நீங்கள் கை வைக்க வேண்டாம். பல பழைய கார்களில் முன், பின் கண்ணாடிகளைக் கழற்றினால்தான் துணியின் ஓரத்தை ஒட்ட முடியும். பழைய கண்ணாடி உடைந்தால் மாற்று கிடைப்பது அரிது. இதைத் தெரிந்தவரிடமே கொடுங்கள், அந்தக் கூலிக்கான காசை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

அப்புறம், மீந்த ரெக்சினைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மடித்தால் கோடு விழும், சுருட்டி வையுங்கள்.