வாசகர் கேள்வி: பெ. தூரன்

கேள்வி: எங்கள் ஈரோட்டுப் பக்கத்தில் பிறந்த பெ. தூரனைக் கலைக்களஞ்சிய ஆசிரியர் என்றே எல்லாரும் சொல்கிறார்கள். குழந்தைகளுக்காக அவர் என்ன எழுதினார்?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நிறையவே எழுதியிருக்கிறார், அம்மா. மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்த தூரன், கோவை இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராகப் பிள்ளைகளோடு பழகிய பின்னரே தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியப் பணிக்குச் சென்றார். பெரியவர்களுக்கான பத்துத் தொகுதிகள் 1968-இல் நிறைவுற்றதும் ஓய்வெடுக்காமல், சிறுவர்களுக்கெனத் தனியே பத்துத் தொகுதிகள் கொண்ட குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் படங்களுடன் 1976-க்குள் முடித்துத் தந்தார். அறிவியலைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் விளக்கிய அந்த உழைப்பையே அவருடைய பணிகளில் தலையாயதாக நான் மதிக்கிறேன். அதோடு, ‘கொல்லிமலைக் குள்ளன்’, ‘மாயக்கள்ளன்’, ‘சூரப்புலி’ முதலிய சிறுவர் கதைகளும் குழந்தைப் பாடல்களும் எழுதினார். இசையுலகம் அவரை இன்றும் கீர்த்தனைகளுக்காகப் போற்றுகிறது. பத்மபூஷண் விருது 1968-இல் கிடைத்தது, 1987-இல் மறைந்தார். உங்கள் பிள்ளைகளுக்கு முதலில் ‘கொல்லிமலைக் குள்ள’னை வாசித்துக் காட்டுங்கள்.