பழைய டர்போ கார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1990-கள்ல வந்த ஒரு டர்போ ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கேன் சார். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கு, ஓட்டுறதுக்கு நல்லாத்தான் இருக்கு. பூஸ்ட் கன்ட்ரோலர் (டர்போ தள்ளுற காத்தோட அழுத்தத்த, அதாவது பூஸ்ட்ட, கூட்டிக் குறைக்கிற கருவி) மாட்டி கொஞ்சம் பவர் ஏத்தலாம்னு ஆசை, பிஸ்டன் போயிடும்னு நண்பர்கள் பயமுறுத்துறாங்க. எங்க ஆரம்பிக்கலாம்?

பதில்: ஆசைப்படுறதுல தப்பே இல்ல, அதுக்குத்தானே இந்த மாதிரி வண்டிய தேடி வாங்குறோம். ஆனா புதுசுல இந்த இன்ஜினுக்கு என்ன பூஸ்ட் இருந்துச்சோ அது இன்னைக்கு ஒழுங்கா வருதான்னு பாக்காம மேல ஏத்தாதீங்க. முப்பது வருஷத்து ரப்பர் ஹோஸ் மேல பார்க்க பளபளன்னு இருக்கும், கிளாம்ப்ப கழட்டினா அடியில வெடிச்சிருக்கும். ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டின்னா டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் (இன்ஜினுக்குள்ள காத்து போற வழியத் திறந்து மூடுற வால்வ்) நடுவுல காத்து கசிஞ்சா என்ன ஆகும்னா, சென்சார் அளந்த காத்து முழுசா இன்ஜினுக்கு வந்து சேராது, பெட்ரோல் மட்டும் அளந்த கணக்குக்கு முழுசா இறங்கும், கறுப்பு புகை வரும், அதே பிரஷர கொண்டு வர டர்போ இன்னும் வேகமா சுத்தி காத்த இன்னும் சூடாக்கும்.

இதக் கண்டுபிடிக்க பெரிய மிஷின் எதுவும் வேணாம். இன்ஜின் ஆஃப்ல இருக்கணும், டர்போவோட இன்டேக் வாய்ல டயர் வால்வ் பொருத்தின ஒரு மூடிய இறுக்கமா மாட்டி, கம்ப்ரஸர்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா 10 பிஎஸ்ஐ வரைக்கும் காத்து விட்டு, எல்லா ஜாயின்ட்லயும் சோப்புத் தண்ணி தெளிங்க. இன்டர்கூலர் (டர்போல சூடான காத்த ஆத்துறது) முனை, த்ராட்டில் ஷாஃப்ட் சீல், இன்ஜெக்டர் ஓ-ரிங், இந்த மூணு இடத்துலயும் கொஞ்சம் நேரம் நின்னு பாருங்க, நுரை பொங்குற இடம்தான் உங்க பவர் போற இடம்.

அதோட கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காத்த எவ்வளவு அழுத்துதுன்னு கேஜ் வச்சுப் பாக்குறது. இன்ஜின் சூடா இருக்கணும், எல்லா பிளக்கும் கழட்டியிருக்கணும், பெட்ரோலும் இக்னிஷனும் கட் பண்ணி, த்ராட்டில் முழுசா திறந்து வச்சு கிராங்க் பண்ணணும். சிலிண்டருக்கு சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருக்கக்கூடாது. ஒண்ணு மட்டும் கம்மியா காட்டினா அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்ப பாருங்க, ஏறினா பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கு, ஏறலன்னா வால்வுலயோ ஹெட் கேஸ்கெட்டுலயோ கோளாறு. இது சரியில்லாத இன்ஜின்ல பூஸ்ட் ஏத்துறத நான் ஒத்துக்கவே மாட்டேன்.

இதெல்லாம் தாண்டியாச்சுன்னா கன்ட்ரோலருக்கு முன்னாடி பூஸ்ட் கேஜும், பெட்ரோலும் காத்தும் எந்த விகிதத்துல எரியுதுன்னு புகைய வச்சு காட்டுற வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரும் வாங்குங்க. சாதாரணமா ஓட்டுறப்ப ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து, ஃபுல் பூஸ்ட்ல அது 11-லிருந்து 12-க்குள்ள இருக்கணும். ஆர்பிஎம் ஏற ஏற அந்த நம்பரும் 12-ஐ தாண்டி மேல போச்சுன்னா உடனே கால எடுத்துருங்க, பழைய ஃப்யூல் பம்ப்போ அடைச்ச ஃபில்டரோ இன்ஜெக்டரோ ஈடுகொடுக்கல, அடுத்து நாக்கிங்தான் (சிலிண்டருக்குள்ள பெட்ரோல் தாறுமாறா வெடிக்கிறது), பிஸ்டனோட ரிங் நிக்கிற பகுதிதான் முதல்ல உடையும். உங்க நண்பர்கள் பயப்படுறதுல நியாயம் இருக்கு.

கேள்வி: வண்டிய நிறுத்தினதும் ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டுத்தான் ஆஃப் பண்ணணுமா?

பதில்: டர்போ ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல போகும், அது மிதக்குறது மெல்லிசா ஒரு ஆயில் படலத்து மேல. நல்லா விரட்டிட்டு டக்குன்னு ஆஃப் பண்ணா ஆயில் ஓட்டம் நின்னுடும், டர்பைன் பக்கத்து சூடு உள்ள வந்து தேங்கின ஆயில கருக்கி கரியாக்கிடும். தண்ணி கூலிங் இல்லாத பழைய டர்போவுக்கு இது ரொம்ப முக்கியம். கடைசி ரெண்டு மூணு கிலோமீட்டர் பூஸ்ட் ஏறாம மெதுவா ஓட்டிட்டு வந்தீங்கன்னாலே பாதி வேலை முடிஞ்சது. ஆயில 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ மாத்துங்க.

கேள்வி: நீலப் புகை வருதுன்னு டர்போவ மாத்தினேன், மறுபடியும் புகை. புது டர்போவும் போச்சா?

பதில்: எனக்குத் தெரிஞ்சு டர்போ வண்டிக்காரங்க காசு அதிகமா வீணாகுறது இங்கதான், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். டர்போவுக்குள்ள ஆயில் பம்ப் பிரஷர்ல போகும், ஆனா வெளிய வர்றது வெறும் சரிவுலதான், தானா வழிஞ்சு இன்ஜின் அடியில உள்ள ஆயில் தொட்டிக்கு, அதாவது சம்ப்புக்கு, இறங்கணும். அந்த ரிட்டர்ன் பைப் நசுங்கியிருந்தாலோ, கேஸ்கெட்டுக்கு தடவின சீலன்ட் உள்ள பிதுங்கி வழிய அடைச்சிருந்தாலோ, ஆயில் தேங்கி டர்போ சீல் வழியா வெளிய தள்ளும். இன்ஜின் அடிப்பகுதியான கிராங்க்கேஸ்ல சேருற வாயுவ வெளிய எடுக்குற பிசிவி வால்வ் அடைச்சாலும் இதே கதைதான், அங்க பிரஷர் ஏறி ஆயில கீழ இறங்க விடாது. ஐடில்ல ஆயில் மூடிய மெதுவா தளர்த்திப் பாருங்க, மூடி குதிச்சு புஸ்ஸுன்னு காத்து அடிச்சா பிசிவிய பாருங்க, அது நல்லா இருந்தும் அடிச்சா ரிங்ல சந்தேகப்படணும். புது டர்போவ குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ஷாஃப்ட்ட விரலால ஆட்டிப் பாருங்க, பக்கவாட்டுல லேசா ஆடுறது சகஜம், முன்னும் பின்னும் கையில தெரியுற அளவுக்கு ஆடினாத்தான் கோளாறு.

கேள்வி: டைமிங் பெல்ட் மாத்தியாச்சுன்னு பழைய ஓனர் சொல்றார், பில் இல்ல. நம்பலாமா?

பதில்: பில் இல்லன்னா மாத்தலன்னே வச்சுக்கோங்க. போர்ஷே 944 டர்போ, மிட்சுபிஷி 4ஜி63 மாதிரி இன்ஜின்கள்ல பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதிக்கும். இந்த ரெண்டுலயும் அதிர்வக் குறைக்கிற பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்குன்னு தனியா ஒரு பெல்ட் இருக்கு, அது அறுந்து டைமிங் பெல்ட்டுல சிக்கினாலும் அதே சேதம்தான். டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாத்தையும் கையோட மாத்திடுங்க.

கேள்வி: ஐடில் ஏறி இறங்குது, சில நாள் ஸ்டார்ட்டே ஆகல. சென்சார் எல்லாம் மாத்தியாச்சு.

பதில்: இன்ஜினோட கம்ப்யூட்டரான இசியூவ கழட்டி மூடியத் திறந்து மோந்து பாருங்க, மீன் வாடை அடிச்சா உள்ள இருக்கிற கெப்பாசிட்டர் ஒழுகியிருக்கு. 1990-களோட ஆரம்பத்துல வந்த மிட்சுபிஷி டர்போ வண்டிகள்ல இது ரொம்ப சகஜம். ஒழுகின திரவம் போர்டுல உள்ள செம்புத் தடத்த அரிச்சிடும், அதனால தள்ளிப் போடாம எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவர்கிட்ட குடுத்து சுத்தம் பண்ணி புது கெப்பாசிட்டர் போடுங்க.

கேள்வி: டயர்ல பட்டன் நல்லா இருக்கு, அப்படியே ஓட்டலாமா?

பதில்: டயரோட பக்கச் சுவர்ல நாலு இலக்க நம்பர் இருக்கும், 2314-ன்னா 2014-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்துல செஞ்சது. பத்து வருஷம் தாண்டின டயர் எவ்வளவு பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும், ஈர ரோட்டுல பூஸ்ட் ஏறுற நேரத்துல பின் சக்கரம் பிடி விட்டுடும். மாத்திடுங்க, பிரேக் ஃப்ளூயிட் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகியிருந்தா அதையும் சேர்த்து மாத்துங்க, அது காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், சூடானதும் பெடல் பொசுக்குன்னு உள்ள போயிடும்.