கண்ணால் படிக்கும் பிள்ளை, காதால் படிக்கும் பிள்ளை: புரொஜெக்டர் யாருக்கு?

கேள்வி: வடமராட்சியில் தரம் 8, 9 வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வயது 49. அண்மையில் கற்றல் பாங்குகள் (எந்தப் பிள்ளைக்கு எந்த வழியில் படித்தால் கூடுதலாக விளங்கும் என்பது) பற்றிய ஒரு பயிற்சியில் தந்த வினாக்கொத்தை எனது வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு நிரப்புவித்தேன். 38 பேரில் 17 பேர் கட்புலம், 9 பேர் செவிப்புலம், 12 பேர் செயல்வழி என்று வந்தது. இனி ஒவ்வொரு குழுவுக்கும் ஏற்றபடி மூன்று விதமாகப் பாடம் தயாரிக்க வேண்டும் என்கிறார்கள். பழைய மாணவர்கள் ஒரு புரொஜெக்டரும் வாங்கித் தந்திருக்கிறார்கள். எனக்குப் பவர்பொயின்ற் அரைகுறையாகத்தான் தெரியும். எதை முதலில் பழகுவது? மூன்று விதப் பாடத்துக்கு 40 நிமிடம் எப்படிப் போதும்?

பதில்: போதாது. நல்லகாலம், அப்படிச் செய்யத் தேவையும் இல்லை.

அந்த வினாக்கொத்து அளப்பது பிள்ளையின் விருப்பத்தை. "எனக்குப் படம் பார்க்கப் பிடிக்கும்" என்று பிள்ளை சொல்வது உண்மையாக இருக்கலாம். படத்தால் படிப்பித்தால் அந்தப் பிள்ளைக்குக் கூடுதலாக விளங்கும் என்பது வேறொரு கூற்று, அதற்குத் தனியாக ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதை 2008இல் பாஷ்லர், மக்டானியல், ரோரர், பியோர்க் என்ற நான்கு உளவியலாளர்கள் தெளிவாக வரையறுத்தார்கள். கட்புலப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குப் படத்தாலும் மீதிப்பேருக்குப் பேச்சாலும் படிப்பிக்க வேண்டும். செவிப்புலப் பிள்ளைகளையும் அதேபோல் பிரிக்க வேண்டும். பிறகு எல்லோருக்கும் ஒரே சோதனை. கட்புலப் பிள்ளை படத்தாலும் செவிப்புலப் பிள்ளை பேச்சாலும் கூடுதல் புள்ளி எடுத்தால்தான் கற்றல் பாங்குக் கொள்கை நிற்கும். அதுவரை வெளிவந்த ஆய்வுகளில் இந்த முறையில் நடந்தவை மிகச் சில. அவற்றிலும் கொள்கைக்கு மாறாக முடிவு வந்தவை உண்டு. வகுப்பைப் பிரிக்கச் சொல்லுமளவுக்கு ஆதாரம் இல்லை என்று அவர்கள் முடித்தார்கள். இந்த வகை வினாப் பட்டியல்களில் பெயர்பெற்ற ஒன்றை 1992இல் வெளியிட்ட நியூசிலாந்துக்காரர் நீல் ஃப்ளெமிங்கும் அவரது சக ஆய்வாளரும், இது இன்னொரு அளவைப் பட்டியல் அல்ல, சிந்தனையைத் தூண்டும் கருவி என்று கட்டுரையின் தலைப்பிலேயே எழுதினார்கள். தலைப்பை வாசிக்காமல் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

பெயர் சூட்டுவதில் நட்டமும் உண்டு. "நீ செயல்வழிப் பிள்ளை" என்று கேட்ட பிள்ளை பாடப்புத்தகத்தை மூடி வைக்க ஒரு நியாயம் கிடைத்துவிடும். சாதாரண தர விஞ்ஞானப் பரீட்சையின் முதலாம் பத்திரத்தில் 40 பல்தேர்வு வினாக்களையும் எல்லோரும் வாசித்துத்தான் ஆக வேண்டும்.

ஆகவே பிள்ளைகளைப் பிரிக்க வேண்டாம், பாடப்பொருளைப் பாருங்கள். இந்த விடயம் படத்தைக் கேட்கிறதா, கையால் தொடுவதைக் கேட்கிறதா, சொல்லைக் கேட்கிறதா? கேட்பதை 38 பேருக்கும் கொடுங்கள். எந்தத் தொழில்நுட்பத்தை முதலில் பழகுவது என்பதற்கும் அங்கேதான் விடை இருக்கிறது.

எங்கள் ஊர் விடயம் ஒன்றை எடுப்போம்: யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர். மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர் என்பதைப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். இதில் மூன்று விடயங்கள் இருக்கின்றன, மூன்றும் மூன்று விதமான பொருளைக் கேட்கின்றன.

முதலாவது அளவு. கடல்நீரின் அடர்த்தி நன்னீரிலும் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு கூட. அதனால் கணக்கின்படி, நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் நிற்கும். மேலே ஒரு மீற்றரை இறைத்துவிட்டால் கீழிருந்து உவர்நீர் 40 மீற்றர் ஏறப் பார்க்கும். இதற்குப் புரொஜெக்டர் உதவாது. கரும்பலகையில் குறுக்காக ஒரு கோடு போட்டு அதைக் கடல்மட்டம் என்று சொல்லுங்கள். மேலே 2 சென்ரிமீற்றர், கீழே 80 சென்ரிமீற்றர் கீறுங்கள். வெண்கட்டி கீழே இறங்கிக்கொண்டே போவதைப் பிள்ளை பார்க்கும்போதுதான் ஒன்றுக்கு நாற்பது என்பது பதியும். ஒரு சிலைட்டில் முடிந்த படமாகப் போட்டால் அந்த நீளம் தெரியாமலே போய்விடும்.

இரண்டாவது, நீர் மேல் நீர் நிற்பது. இதைக் கண்ணால் காணாத பிள்ளை நம்பாது. 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் கழுத்தை வெட்டி எடுங்கள். 500 மில்லிலீற்றர் தண்ணீரில் 100 கிராம் உப்பைக் கரைத்து, சில துளி நீல மை விட்டு உள்ளே ஊற்றுங்கள். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் செறிவில் செய்தால் கை சற்று நடுங்கினாலும் இரண்டும் கலந்துவிடும், அதனால்தான் 100 கிராம். பிள்ளைகளிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். மேலே ஒரு மெல்லிய றெஜிபோம் துண்டை மிதக்கவிட்டு, அதன்மேல் 400 மில்லிலீற்றர் நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஐந்து நிமிடம் பிடிக்கும், அவசரப்பட்டால் கலங்கும். பிறகு 20 மில்லிலீற்றர் சிறிஞ்சில் ஒரு குழாயைச் செருகி, அதன் நுனியை நிறக் கோட்டுக்குச் சற்று மேலே பிடித்து மெதுவாக இழுங்கள், தெளிந்த நீர் வரும். சடாரென்று இழுத்தால் நீலம் மேலேறிக் குழாய்க்குள் வரும். மோட்டர் போட்டு இறைக்கும் தோட்டக் கிணறு உவர்ப்பதன் காரணத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

புரொஜெக்டருக்கு வேலை வருவது இங்கேதான். மேசையில் இருக்கும் போத்தல் கடைசி வாங்கில் இருப்பவருக்குத் தெரியாது. உங்கள் போனை நான்கு செங்கல்லின் மேல் நிமிர்த்தி வைத்து, போத்தலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, பெரிதாக்கித் திரையில் காட்டுங்கள். போனிலிருந்து நேரடியாகத் திரைக்கு அனுப்பும் வசதி எல்லாப் போனிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. அதோடு மல்லுக்கட்டிப் பாடவேளையைப் போக்க வேண்டாம். 20 செக்கன் வீடியோ எடுத்து, கேபிளால் மடிகணினிக்கு மாற்றிப் போடுங்கள். கேபிளைச் செருகியும் கணினியில் போன் தெரியாவிட்டால், போனின் மேல்பட்டையை இழுத்து, மின்னேற்றம் மட்டும் என்று இருப்பதைக் கோப்பு மாற்றம் என்று மாற்றுங்கள். பெரும்பாலும் தடக்குவது அந்த ஓரிடத்தில்தான். அப்படியும் தெரியாவிட்டால் கேபிளைப் பாருங்கள். சில கேபிள்கள் மின்னேற்ற மட்டும்தான் உதவும்.

நீங்கள் முதலில் பழக வேண்டியது இந்த ஒன்றுதான், போனைக் கமராவாகப் பாவிப்பது. பவர்பொயின்றுக்கு அவசரம் இல்லை. ஒரு பிள்ளை கொப்பியில் செய்த கணக்கைப் படமெடுத்து, பெயரை மறைத்துத் திரையில் போட்டு "எந்த வரியில் பிசகு?" என்று கேட்கலாம். நுணுக்குக்காட்டியின் கண்வில்லையோடு போனைச் சேர்த்துப் பிடித்து, வெங்காயத் தோலின் கலங்களை முழு வகுப்புக்கும் காட்டலாம். எந்தச் சிலைட்டைவிடவும் அது பெரிது.

மூன்றாவது விடயம் சொல்லால் வருவது. நன்னீர் எங்கிருந்து வருகிறது? "கடல்நீரைச் சுண்ணாம்புக்கல் வடிகட்டித் தருகிறது" என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். பெரியவர்களும்தான். கரைந்த உப்பைக் கல் வடிகட்டாது, நன்னீர் மாரி மழையில் வந்தது. இந்தப் பிழையான எண்ணம் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு பிள்ளையிடமும் நான்கு அட்டைகள் இருந்தால் போதும். பிறிஸ்டல் போட்டை உள்ளங்கை அளவில் வெட்டி, நான்கு நிறத்தில் 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். நான்கு விடைகளுடன் ஒரு கேள்வியைப் போட்டு, வடிகட்டும் கதையை அதில் ஒரு விடையாக வையுங்கள். யோசிக்க அரை நிமிடம். பிறகு "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி முடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சுக்கு முன்னால் அட்டையைப் பிடிக்க வேண்டும். தலைக்கு மேலே உயர்த்தினால் பின்னால் இருப்பவர் பார்த்துப் போட்டுவிடுவார். சரியான விடை 30 வீதத்துக்கும் குறைந்தால் திரும்பப் படிப்பியுங்கள். 70 வீதத்தைத் தாண்டினால் மேலே போங்கள். இடையில் நின்றால் விடையைச் சொல்லாமல், பக்கத்திலிருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாட விட்டு மறுபடியும் அட்டையைக் கேளுங்கள். ஹார்வர்டில் எரிக் மஸூர் பௌதிக வகுப்பில் பாவித்த முறை இது. போனும் இணையமும் வேண்டாம், மின்வெட்டிலும் ஓடும்.

அதே அட்டைகளால் ஒவ்வொரு பாடத்தையும் மூன்று கேள்வியோடு தொடங்குங்கள்: போன பாடத்தில் ஒன்று, போன கிழமையில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் காட்டியது இது: ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தவர்கள் ஒரு கிழமை கழித்து 42 வீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள். ஒருமுறை வாசித்து, பிறகு பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் 56 வீதம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள் என்பதையும் கவனியுங்கள். "இப்ப விளங்கினதுதானே?" என்று பாட முடிவில் கேட்டு வரும் தலையாட்டல் அதனால்தான் நம்பத்தக்கதல்ல.

இனிச் சிலைட். தமிழ் எழுத்தில்தான் முதல் தகராறு. பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். ஏனென்றால் பாமினியில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்தைத்தான், தமிழ் வடிவம் அதன்மேல் போர்த்திய சட்டை. புதிதாக எழுதுவதை, தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோட்டிலேயே எழுதுங்கள். பழையதை எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்றலாம். மாற்றிய பிறகு 'ஔ', 'ஸ்ரீ', கணிதக் குறிகள், ஆங்கிலச் சொற்கள் வரும் இடங்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள், பிழைப்பது அங்கேதான். மாற்ற நேரமில்லை என்றால், எழுத்துரு இருக்கும் கணினியில் பி.டி.எஃப். ஆகச் சேமித்துக்கொண்டு போங்கள்.

படத்தைப் போட்டால் அதன் உறுப்புகளின் பெயரை அந்தந்த உறுப்பின் மேலேயே எழுதுங்கள். 1 முதல் 8 வரை இலக்கமிட்டுக் கீழே பட்டியல் போட்டால், பிள்ளையின் கண் மேலும் கீழும் ஓடியே களைக்கும். நீங்கள் வாயால் சொல்லும் வசனத்தையே திரையிலும் எழுதி, பக்கத்தில் படத்தையும் வைக்காதீர்கள். வாசிப்பதா, கேட்பதா, பார்ப்பதா என்று பிள்ளை தடுமாறும். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டுவதும் இதுதான்: படமும் பேச்சும் சேர்ந்தால் நல்லது, அதே பேச்சை எழுத்தாகவும் போட்டால் குறையும். ஆங்கிலத்தில் விளக்கும் வீடியோவுக்கும் இது பொருந்தும். ஒலியை நிறுத்திவிட்டு, தமிழில் நீங்கள் சொல்லுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடவிடாமல், இடையில் நிறுத்தி "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேளுங்கள்.

வெளிச்சம் பற்றியும் ஒரு சொல். அரைச்சுவர் வகுப்பறையில் காலை வெயில் விழும் சுவரில் காட்டினால் எந்தப் புரொஜெக்டரும் தோற்கும். வெயில் வரும் பக்கத்துச் சுவரின் உட்புறத்தில், நிழலில் காட்டுங்கள். படத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்காகும், ஆகவே மங்கினால் புரொஜெக்டரைச் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். படம் சிறுக்கும், அதற்கேற்ப எழுத்தைப் பெருப்பித்து, ஒரு சிலைட்டில் ஐந்தாறு சொல்லோடு நிறுத்துங்கள். திரையில் எழுத்து 4 சென்ரிமீற்றர் உயரம் இருக்கட்டும். 'ஞூ', 'ணை' போன்றவை அதற்குக் கீழே கட்டியாகத் தெரியும். பாடத்துக்கு முதல் கடைசி வாங்கில் போய் இருந்து பாருங்கள். கேபிளைச் செருகியும் படம் வராவிட்டால், விண்டோஸ் விசையோடு 'பி' விசையை அழுத்தி இரட்டிப்பு என்பதைத் தெரிவு செய்யுங்கள். மின்குமிழ் வகைப் புரொஜெக்டர் என்றால் மின்சாரம் போய் வந்ததும் உடனே போடாமல் ஒரு பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டோடு திரும்பப் போட்டால் குமிழின் ஆயுள் குறையும்.

நிரப்பிய வினாக்கொத்துகளை எறிய வேண்டாம், ஒரு தேவைக்கு உதவும். செவிப்புலம் என்று வந்த 9 பேரையும் ஒரு கிழமை முன்வரிசையில் இருத்தி, கரும்பலகையைப் பார்த்து எழுதும் பிழை குறைகிறதா என்று கொப்பியைப் பாருங்கள். குறைந்தால் அந்தப் பிள்ளைக்குக் கண் பரிசோதனை தேவை, பெற்றோருக்குச் சொல்லுங்கள். பலகை தெரியாத பிள்ளையும் "எனக்குக் கேட்டால்தான் விளங்கும்" என்றுதானே எழுதும்? அதேபோல் வாசிப்பில் பிந்தியவர்கள் செயல்வழிக் குழுவுக்குள் ஒளிந்திருக்கக்கூடும். பாடப்புத்தகத்தில் ஐந்து வரியைத் தனியே வாசிக்கவிட்டால் தெரிந்துவிடும். அவர்களுக்கு வேண்டியது வாசிப்புப் பயிற்சி.

பாடக்குறிப்பைப் பார்க்க வரும் ஆசிரிய ஆலோசகர் கற்றல் பாங்குகளுக்கான இடம் எங்கே என்று கேட்டால், குழுக்களின் பெயருக்குப் பதிலாக இப்படி எழுதிக் காட்டலாம்: "ஒன்றுக்கு நாற்பது விகிதம், கரும்பலகைப் படம், முழு வகுப்பு, 8 நிமிடம். போத்தல் பரிசோதனை, போன் கமராவுடன், முழு வகுப்பு, 15 நிமிடம். அட்டைக் கேள்வியும் சோடி விவாதமும், 10 நிமிடம். கொப்பியில் தம் சொல்லில் மூன்று வரி, 5 நிமிடம்." மீதி இரண்டு நிமிடம் கேபிளுக்கு.