ரிசல்ட்டுக்கு முன்பே கேளுங்கள்!

கல்லூரி விண்ணப்பம் குறித்து டெல்டா மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டும் ஆசிரியர்கள் பதில் தருகிறார்கள்.

மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர ஆசை. பி.சி. சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறது. அது அங்கே செல்லாது, ஓ.பி.சி. சான்றிதழ்தான் கேட்பார்கள் என்கிறார்கள். ஒரு வேலி நஞ்சை இருப்பதால் எங்களுக்கு அது கிடைக்காது என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது?
*விவசாயி, திருத்துறைப்பூண்டி*

முதலில் சொன்னது உண்மை ஐயா. இரண்டாவது திண்ணைப் பேச்சு.

உங்கள் கையில் இருக்கும் பி.சி. சான்றிதழ் தமிழக அரசின் இட ஒதுக்கீட்டுக்கு உரியது. மத்தியப் பல்கலைக்கழகம், திருச்சி என்.ஐ.டி., தஞ்சாவூர் நிப்டெம் போன்ற மத்திய நிறுவனங்கள் கேட்பது 'கிரீமிலேயர் அல்லாத ஓ.பி.சி.' சான்றிதழை; அதாவது, பிற்படுத்தப்பட்டோரில் வசதி மிக்க பிரிவைச் (கிரீமிலேயர்) சேர்ந்தவர் அல்ல என்று காட்டும் சான்றிதழை. அதன் படிவமே வேறு. பி.சி., எம்.பி.சி. இரு பிரிவினருக்கும் இது பொருந்தும். ஆனால், மாநிலப் பட்டியலில் இருக்கும் சாதிப் பெயர் மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

இனி வருமானம். 8 லட்ச ரூபாய் வரம்பு என்று கேட்டதுமே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. வாடகை, வியாபாரம், வட்டி போன்றவைதான் சேரும். சம்பளக்காரர் என்றால் பதவியின் நிலையைத் தனியாகப் பார்ப்பார்கள். குரூப் ஏ எனும் உயர்நிலை அரசுப் பதவியில் நேரடியாகச் சேர்ந்த அதிகாரியின் பிள்ளை என்றால் கிடைக்காது. நிலத்துக்கும் தனி விதி உண்டு. பாசன நிலம், மாநில நில உச்சவரம்பில் 85 சதவீதத்தையோ அதற்கு மேலோ தொட்டால்தான் கிரீமிலேயர். தமிழ்நாட்டில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு உச்சவரம்பு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பொறுத்துக் கணக்கிடும் ஏக்கர்). ஒரு வேலி என்பது 20 மா, ஏறத்தாழ 6.67 ஏக்கர். நீங்கள் வரம்புக்கு வெகு தூரத்தில் இருக்கிறீர்கள். நெல் விற்ற பணத்தையும் கூட்டி உங்கள் மனுவைத் திருப்பினால், இந்த விதியைச் சொல்லித் தாசில்தாரிடம் முறையிடுங்கள்.

நிலம் இருந்தால் கிடைக்காது என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்றும் தெரிகிறது. அது இட ஒதுக்கீட்டில் வராத வகுப்பினரில் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு மத்திய அரசு தரும் 10 சதவீத இ.டபிள்யூ.எஸ். சலுகைக்கான விதி. அங்கே குடும்பத்துக்கு 15 மா, அதாவது 5 ஏக்கர் இருந்தாலே கிடைக்காது. வெவ்வேறு கிராமத்தில் இருக்கும் நிலத்தையும் சேர்த்தே எண்ணுவார்கள்.

பழைய ஓ.பி.சி. சான்றிதழைக் காட்டி ஏமாறுவதும் நடக்கிறது. என்.ஐ.டி. போன்ற இடங்களில், சேரும் ஆண்டின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதைத்தான் ஏற்பார்கள்.

மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இளநிலைப் படிப்புகளுக்கு 2022 முதல் இதுதான் வழி. தமிழிலும் எழுதலாம். அதற்கான விண்ணப்பக் கெடு ப்ளஸ் டூ தேர்வை ஒட்டியோ அதற்கு முன்போ முடிந்துவிடும். மே மாதம் வந்து கேட்டால் அந்த ஆண்டு போயிற்று. எந்தப் படிப்புக்கு எந்தப் பாடத்தில் தேர்வு எழுத வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் பார்த்து, அந்தப் பாடங்களைத்தான் டிக் செய்ய வேண்டும். தனக்குப் பிடித்த பாடங்களைத் தேர்ந்து நல்ல மதிப்பெண் வாங்கியும், கேட்ட பாடத்தை எழுதாததால் தகுதி இழப்பவர்கள் உண்டு. க்யூட் முடிவு வந்த பிறகு பல்கலைக்கழகத்தின் தளத்தில் தனியாகப் பதிய வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கணிதம் 84, இயற்பியல் 91, வேதியியல் 78, உயிரியல் 88. என் கட்-ஆஃப் எவ்வளவு? மறுமதிப்பீட்டுக்குப் போகலாமா?
*மாணவன், ஒரத்தநாடு*

எதற்கான கட்-ஆஃப் தம்பி? ஒரே மார்க் ஷீட்டில் உனக்கு மூன்று இருக்கின்றன.

பொறியியலுக்குக் கணிதம் முழுதாக 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதியாக 50-க்கு. 84 + 45.5 + 39 = 168.5. வேளாண்மைக்கு நான்கு பாடங்களும் பாதி பாதியாக: 42 + 45.5 + 39 + 44 = 170.5. கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதியாக: 88 + 45.5 + 39 = 172.5. எல்லாமே 200-க்குத்தான். ஆனாலும் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு 'கால்நடைக்கு எனக்குக் கூடுதல் வாய்ப்பு' என்று நினைத்துவிடாதே. அங்கே இடங்கள் மிகக் குறைவு, போட்டி வேறு. உன் ஊரிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதால் சொல்லி வைக்கிறோம்.

மறுமதிப்பீட்டுக்கும் இதே கணக்குதான். பொறியியலே குறி என்றால், கணிதத்தில் 3 மார்க் கூடினால் கட்-ஆஃபில் 3 கூடும். வேதியியலில் 3 கூடினால் 1.5 மட்டுமே. பணம் கட்டுவதென்றால் முதலில் கணிதத்துக்குக் கட்டு. நேரடியாக மறுமதிப்பீட்டுக்குப் போக முடியாது; முதலில் விடைத்தாள் நகல் கேட்க வேண்டும். நகல் வந்ததும், விடைக்குறிப்போடு பாட ஆசிரியர் எதிரில் உட்கார்ந்து, திருத்தாமல் விட்ட பக்கம் உண்டா, படி மதிப்பெண் விட்டுப்போயிருக்கிறதா என்று பார். கூட்டலில் மட்டும் பிழை என்றால் மறுகூட்டல் போதும். 'எதிர்பார்த்தது வரவில்லை' என்பது மறுமதிப்பீட்டுக்குக் காரணம் ஆகாது. நகலுக்கு மனுப் போடும் நாள்கள் ரிசல்ட் வந்த சூட்டோடு முடிந்துவிடும்.

பொறியியல் கவுன்சலிங்குக்கான ரேண்டம் எண் சிறியதாக வந்துவிட்டது. மகன் சோர்ந்துபோய்விட்டான்.
*தாய், குத்தாலம்*

சோறு போட்டுத் தூங்கச் சொல்லுங்கள் அம்மா. இருவர் கட்-ஆஃப் சமமாகி, கணிதம், இயற்பியல் என்று வரிசையாகப் பார்த்து, பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால்தான் அந்த எண்ணைப் புரட்டுவார்கள். அப்போது பெரிய எண்ணுக்கு முன்னுரிமை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தக் கட்டம் வருவதே இல்லை.

பிரவுசிங் சென்டரில் பொறியியல் விண்ணப்பம் போட்டோம். ஓ.டி.பி. அவர்கள் போனுக்குப் போகிறது. பாஸ்வேர்டும் எங்களிடம் இல்லை.
*தந்தை, சீர்காழி*

இன்றே போய் மாற்றுங்கள். விருப்பப் பட்டியல் பூட்டும் நாளில், ஒதுக்கீட்டை உறுதி செய்யும் நாளில், கடைசி நிமிஷத்தில் ஓ.டி.பி. கேட்கும். அந்த நேரத்தில் கடைக்காரர் கல்யாண வீட்டில் இருப்பார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை; ஒரு நாளைக்கு ஐம்பது பேர் வந்தால் தன் எண்ணைப் போடுவதுதான் அவருக்கு வேகமான வழி.

கடையின் மூலம் எண்ணை மாற்ற முடியவில்லை என்றால் அருகிலுள்ள பொறியியல் சேர்க்கை சேவை மையத்துக்கு, டி.எஃப்.சி. என்பார்களே, அங்கே மாணவனை நேரில் அழைத்துச் செல்லுங்கள். விண்ணப்ப எண், ஆதார், மார்க் ஷீட் இருக்கட்டும். இனி எந்த விண்ணப்பமானாலும் வீட்டில் எப்போதும் இருக்கும் ஒரு எண்ணையே கொடுங்கள், ரீசார்ஜ் தீர்ந்து செத்துப்போகும் இரண்டாவது சிம் வேண்டாம். மின்னஞ்சல் மாணவன் பெயரில் புதிதாக இருக்கட்டும். பாஸ்வேர்டை நோட்டில் எழுதும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் தெரிய எழுதுங்கள்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கவுன்சலிங்கில் ஐந்தாறு கல்லூரிகளை மட்டும் போட்டுவிட்டு இடம் கிடைக்காமல் நிற்கிறார்கள். எத்தனை போடச் சொல்லலாம், எந்த வரிசையில்?
*முதுநிலை ஆசிரியர், மன்னார்குடி*

எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை ஐயா. பட்டியல் நீளமாவதால் மேலே இருக்கும் கல்லூரிக்கான வாய்ப்பு இம்மியும் குறையாது. இதைப் பிள்ளைகள் நம்புவதில்லை, அதுதான் சிக்கல். கணினி ஒவ்வொரு மாணவருக்கும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வரும். காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்து நின்றுவிடும். ஆகவே 'கிடைக்கும்' என்று தோன்றுவதை முதலில் போடுவது தற்கொலைக்குச் சமம். ஆசைப்படுவது மேலே, கிடைத்தால் போதும் என்பது கீழே. சேரவே மாட்டேன் என்கிற கல்லூரி பட்டியலில் வேண்டவே வேண்டாம்.

கடந்த ஆண்டின் கட்-ஆஃபைப் பிள்ளையின் வகுப்புப் பிரிவில் பாருங்கள். பொதுப் பிரிவுக் கட்-ஆஃபைப் பார்த்து எம்.பி.சி. பிள்ளை நல்ல கல்லூரியை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. பிள்ளையின் கட்-ஆஃபைவிடப் பத்துப் பன்னிரண்டு மார்க் மேலே தொடங்கி, பத்து மார்க் கீழே வரை இறங்கினால், ஒரு பாடப்பிரிவுக்கே முப்பது நாற்பது வரிகள் வந்துவிடும்.

பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணை நம்பச் சொல்லுங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் ஏராளம். நம் பகுதியில் இன்னொரு குழப்பமும் உண்டு: பெயரில் ஒரு ஊர், கட்டடம் வேறு ஊரில். தஞ்சாவூர் அரசு பொறியியல் கல்லூரி இருப்பது செங்கிப்பட்டியில். அண்ணா பல்கலைக்கழகத்தின் பட்டுக்கோட்டை உறுப்புக் கல்லூரி ராஜாமடத்தில். வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளை என்றால், முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்ட பிறகே வரிசைப்படுத்துங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கேட்கும் கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'ஏற்றுச் சேர்கிறேன்' என்றால் இந்தக் கல்லூரியே போதும் என்று பொருள். மேலே உள்ள விருப்பங்கள் அத்தோடு முடிந்தன. 'ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாற்றுங்கள்' என்றால் கையிலிருப்பது பத்திரமாக இருக்கும், மேலே காலியானால் தானாக மாறும். இதற்குக் குறித்த நாளுக்குள் சேவை மையத்தில் பணம் கட்டியாக வேண்டும். மேலே மாறிவிட்டால் பழைய இடம் திரும்பி வராது. 'இது வேண்டாம், மேலே மட்டும்' என்பது கையிலிருப்பதை விட்டுவிட்டுப் பறப்பதைப் பிடிப்பது. இவை தவிர அடுத்த சுற்றுக்குப் போவது, அடியோடு விலகுவது என்று இரண்டு உண்டு. எதையும் தேர்ந்தெடுக்காமல் இருந்துவிட்டால் கிடைத்த இடமும் போய்விடும். அவகாசம் மிகக் குறுகியது. அந்த நாள்களில் வெளியூர்த் திருவிழாவுக்குப் போகக் கூடாது என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். 7.5 சதவீத ஒதுக்கீடு எனக்கு உண்டா?
*மாணவி, நீடாமங்கலம்*

இல்லை அம்மா. தொழிற்படிப்புகளில் தரும் அந்த ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். ஆனால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் உங்களுக்கும் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் அதை நீட்டித்திருக்கிறார்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு அங்குள்ள பொறுப்பு அலுவலர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் பெயரிலேயே வங்கிக் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு, பள்ளியில் உங்களுக்குத் தந்த எமிஸ் எண் மூன்றையும் இப்போதே தயார் செய்துகொள்ளுங்கள்.

அக்கா பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவள். எனக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைக்குமா?
*மாணவன், வலங்கைமான்*

கிடைக்கும். டிப்ளமோ பட்டம் ஆகாது. அக்கா அதன் பிறகு பி.இ. முடித்திருந்தால்தான் தடை. குடும்ப வருமானம் எவ்வளவு என்று இதற்குப் பார்ப்பதில்லை.

நாள்களை மட்டும் எண்ணிக்கொள். இ-சேவையில் பதிந்த மனு, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஏறி மண்டல துணை வட்டாட்சியரிடம் போகும். மே, ஜூனில் தாலுகா அலுவலகம் முழுக்க ஜமாபந்தியில் மூழ்கியிருக்கும். அதோடு மேட்டூர் திறந்து குறுவையும் தொடங்கிவிட்டால் உன் மனு வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். சாதி, வருமானம், முதல் பட்டதாரி மூன்றையும் பிப்ரவரியிலேயே போட்டுவிடு. மூன்றிலும் உன் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால் என்றிருந்தால் முதலில் ஆதாரைத் திருத்து.

கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர வேண்டும். ஆங்கிலத்தில் மார்க் மோசம். பாதிக்குமா?
*மாணவன், பாபநாசம்*

பாதிக்காது. தேர்ச்சி பெற்றிருந்தால் போதும். அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மார்க்கும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மார்க்கும் பார்ப்பார்கள். மற்றப் படிப்புகளுக்கு மொழிகளை விட்டுவிட்டு நான்கு பாடங்களின் 400-க்குத் தரவரிசை. (1904-இல் அதே கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன் ஆங்கிலத்தில் தோற்று உதவித்தொகையை இழந்தார். அந்த வகையில் உன் காலம் மேல்.) தரவரிசை வந்ததும் கல்லூரி சொல்லும் நாளில் அசல் சான்றிதழ்களோடு நேரில் போக வேண்டும். அன்று வராதவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

கலைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு, பிறகு பொறியியல் கிடைத்தால்? அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொள்வார்களாமே?
*தந்தை, வேதாரண்யம்*

மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் இரண்டையும் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதே யு.ஜி.சி. விதி. மாற்றுச் சான்றிதழ், அதுதான் டி.சி., அது மட்டும் சேர்ந்த கல்லூரியிலேயே இருக்கும். விலகும்போது எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கொடுப்பதற்கு முன்பு டி.சி.யில் ஐந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எதைக் கொடுத்தாலும் அலுவலகக் கையெழுத்தோடு ரசீது கேளுங்கள்.