பாட்டியின் வட்டி நோட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் பாட்டி போன வருடம் தவறிப்போனார்கள். வயது தொண்ணூற்றெட்டு. "தொண்ணூற்றொன்பதுலெ வெள்ளத்துக்கு மறு வருஷம் பெறந்தவ நான்" என்று சொல்வார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம் ஓட்டு வீடு. தாத்தா இறந்தபோது பாட்டிக்கு இருபத்துமூன்று வயது, கையில் இரண்டு பிள்ளைகள். அக்கானி (பதநீர்) காய்ச்சியும், அப்புறம் அண்டி ஆபீசுக்கு (முந்திரிப் பருப்புத் தொழிற்சாலைக்கு) போயும் இரண்டு பேரையும் படிக்க வைத்தார்கள்.

பெரியப்பா நாகர்கோவிலிலும் அப்பா திருவனந்தபுரத்திலும் வீடு கட்டிக் கூப்பிட்டார்கள். பாட்டி போகவில்லை. "எனக்க வீட்ல நான் இருந்தோளுவேன் மக்களே, நீங்க வந்து கண்டுட்டுப் போங்க" என்பார்கள். ஒரு ராத்திரி அடுக்களையில் விழுந்து, விடியும்வரை தரையிலேயே கிடந்தார்கள். பால் கொண்டுவரும் அக்காதான் பார்த்தார். அதன் பிறகும் வீட்டைப் பூட்டிக்கொண்டு வர மனசில்லை. பிடிவாதக்காரி என்று ஊரில் பேச்சு.

ஓராண்டு நினைவு ஜெபத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம். பெரியப்பா எழுதியதில் 'தியாகச் சுடர்', 'யாருக்கும் பாரமாக இல்லாமல் வாழ்ந்தவர்' என்றெல்லாம் இருக்கிறது. படித்தால் பாட்டியின் முகமே வரவில்லை. டிரங்குப் பெட்டியில் பாட்டி பெயரில் மலையாளத்தில் ஓர் ஆதாரம் (கிரயப் பத்திரம்) இருந்தது, 1127 மகரம் என்று போட்டிருக்கிறதாம். கூடவே ஒரு இ.எஸ்.ஐ. கார்டு, சீட்டுக் கணக்கும் வட்டிக் கணக்கும் எழுதிய நோட்டு. வட்டிக்குக் கொடுத்ததை எழுதினால் மானக்கேடு என்கிறார் பெரியப்பா. எழுதலாமா? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

எழுதுங்கள். வட்டியில் இருந்தே ஆரம்பித்தாலும் சரி.

நம் பக்கத்து நினைவு மலர்கள் என் வீட்டில் ஒரு அலமாரித் தட்டு நிறைய இருக்கின்றன. தாத்தாக்களின் மலரில் எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தார், எங்கே நிலம் வாங்கினார், யார் மேல் கேஸ் போட்டார் என்பதுவரை இருக்கும். பாட்டிகளின் மலரில் பொறுமை, தியாகம், ஜெபம். போட்டோவை மாற்றி ஒட்டினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். உங்கள் பெரியப்பாவைக் குறை சொல்லவில்லை. அம்மையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாருக்கும் அந்த வார்த்தைகள்தான் வருகின்றன.

உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயம் அந்த ஆதாரம். அதில் உள்ள 1127 கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. அது சிங்கத்தில், அதாவது ஆவணியில் பிறக்கும். மகர மாதம் என்பதால் 825 கூட்டுங்கள்: 1952, ஜனவரி பின்பாதி அல்லது பிப்ரவரி முதல் பாதி. நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று, அதுவரை திருவிதாங்கூர் பக்கம், அதனால்தான் மலையாளம். 'தொண்ணூற்றொன்பது' என்று அவர்கள் சொன்னதும் இதே கணக்குதான், 1099, அதாவது 1924. திருவிதாங்கூர்க்காரர்கள் பலர் வயதைச் சொன்னது அந்த வெள்ளத்தை வைத்துத்தான். ஆக, கணவர் போய் மூன்று நாலு வருடத்தில், இருபத்தாறு இருபத்தேழு வயதில், உங்கள் பாட்டி தன் பெயரில் மண் வாங்கியிருக்கிறார்.

அந்தக் காலத்தில் இது லேசான காரியமில்லை. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் 1916ல் வந்தது. வழக்கப்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பிரித்த சில பிரிவினருக்கு விலக்கு உண்டு. மற்றபடி, அப்பன் உயில் எழுதாமல் போனால் மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அது. ஸ்திரீதனம் கொடுத்தாகிவிட்டது என்றால் அதுவும் கிடையாது. விதவைக்குக் கணவன் சொத்தில் அனுபவ உரிமை மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போச்சு. இதை எதிர்த்து மேரி ராய் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986ல் தீர்ப்புச் சொன்னபோது, 1951 ஏப்ரல் 1 முதலே இந்தச் சட்டம் செல்லாது என்று ஆனது. கணக்குப் பார்த்தால் பாட்டி ஆதாரம் எழுதிய நாளில் அது செத்துப்போன சட்டம். ஆனால் ஒரு வீட்டிலும் அது சாகவில்லை. பிறந்த வீடும் புகுந்த வீடும் கைவிரிக்க வசதியிருந்த அந்தக் காலத்தில், ஒரு பெண்ணுக்குக் கிரயம் கொடுத்து வாங்கியது மட்டுமே உறுதியாகச் சொந்தம்.

பணம் எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். பனையேற ஆண் இல்லாத வீட்டில் அக்கானியை விலைக்கு வாங்கியோ, கூலிக்கோதான் காய்ச்ச வேண்டும். விறகு தேடி, சுண்ணாம்பு போக வடிகட்டி, பொங்கினால் ஆமணக்கு விதை தட்டிப் போட்டு, கூப்பனிப் (பாகு) பதம் தாண்டிக் கிண்டிச் சிரட்டையில் ஊற்றும்வரை அடுப்பை விட்டு நகர முடியாது. இவ்வளவும் கருப்பட்டி என்று ஒரே வார்த்தையில் போய்விடுகிறது.

அண்டி ஆபீசும் அப்படியே. கேரளத்தில் குறைந்தபட்சக் கூலி வந்த பிறகு கொல்லத்து முதலாளிகள் சிலர் எல்லை தாண்டி இந்தப் பக்கம் ஆபீஸ் போட்டார்கள், கூலி குறைவு என்பதற்காக. அண்டியைத் தல்லி உடைக்கும்போது ஓட்டிலிருந்து தெறிக்கும் எண்ணெய் தோலை வேகவைக்கும். சாம்பலைத் தடவிக்கொண்டு உட்காருவார்கள். முழுப் பருப்பாக எடுத்தால்தான் எடைக்குக் கூலி சரியாக வரும், உடைந்தால் பேச்சு கேட்க வேண்டும். பாட்டி தல்லினாரா, தோல் உரித்தாரா, தரம் பிரித்தாரா? கூட வேலை பார்த்த ஒருத்தியாவது இருப்பாள்.

சரி, வட்டிக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக்கூடப் பீஸ், மகள் பிரசவம் என்று கையேந்தி நிற்கும் ஒரு அண்டி ஆபீஸ்காரிக்கு அந்தக் காலத்தில் எந்த பேங்க் கதவைத் திறந்தது? பக்கத்து வீட்டுப் பாட்டிதான் பேங்க். அநியாய வட்டி வாங்கினாரா என்பது நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். வாங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள், பாட்டி ஒன்றும் புனிதர் பட்டத்துக்கு மனுப் போடவில்லை. வராத கடனை அடித்துவிட்ட பக்கங்களும் இருக்கக்கூடும். அவரை நாம் பார்க்கக்கூடிய இடம் அந்தப் பக்கங்கள்தான்.

'யாருக்கும் பாரமாக இல்லாமல்' என்ற வரியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடச் சொல்லுங்கள். வயதானவர்கள் பாரம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, இவர் மட்டும் விதிவிலக்கு என்று பாராட்டுவது அது. பாட்டி ஆட்களை நம்பித்தான் வாழ்ந்தார். பால் தர ஒருவர், தேங்காய் பறிக்க ஒருவர், கிழங்கு வாங்கி வர ஒருவர். எல்லாருக்கும் கூலி கொடுத்தார், சிலருக்குக் கடனும் கொடுத்தார். நாகர்கோவிலில் மகன் வீட்டில் அவர் விருந்தாளி. கருங்கலில் அவரிடம் பணம் கேட்டு வர ஆட்கள் இருந்தார்கள். போகாததற்கு இது போதாதா?

விழுந்த ராத்திரியை மறைக்க வேண்டாம். தனியாக இருந்ததற்கு அவர் கொடுத்த விலை அது. என்ன விலை என்று தெரிந்த பிறகும் அங்கேயே இருந்தார் என்பதும் உங்கள் புத்தகத்தில் வர வேண்டியது. அந்தக் காட்சியைப் பால் கொண்டுவந்த அக்காவின் வாய்மொழியிலேயே போடுங்கள். நீங்கள் எழுதினால் உங்கள் குற்றவுணர்ச்சியும் உள்ளே வந்துவிடும்.

ஆதாரத்தை வாசிக்க, பழைய ஆதாரம் எழுத்துக்காரர் யாராவது மார்த்தாண்டத்திலோ குழித்துறையிலோ அகப்படுவார். எல்லைகள் சொல்லும் பகுதியை வரி விடாமல் வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் புரையிடம் (வீட்டுமனை) யாருடையது என்று அதில் இருக்கும், விற்றவர் சொந்தக்காரரா வெளியாளா என்பதும் தெரிந்துவிடும். ஆனால் அதற்கு அவசரமில்லை, காகிதம் பெட்டியில் பத்திரமாக இருக்கும். நோட்டில் பெயர் உள்ளவர்களில் உயிரோடிருப்பவர்களை முதலில் போய்ப் பாருங்கள். அவர்களுக்கும் எண்பது தாண்டியிருக்கும். பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.