உப்புநீரில் இருக்கும் லித்தியம் யாருக்குச் சொந்தம்? கேள்வி பதில்

கவிதா, ஈசூன்: லித்தியம் நிறுவனப் பங்குகள் கொஞ்சம் வைத்திருக்கிறேன். பூமிக்கு அடியில் இருக்கும் உப்புநீர் யாருடையது?

நாட்டுக்கு நாடு வேறு. சிலியில் 1979 முதல் லித்தியம் அரசுக்கென ஒதுக்கப்பட்டது. அட்டகாமா உப்புப் படுகையில் நிறுவனங்கள் எடுப்பதெல்லாம் கோர்ஃபோ என்ற அரசு அமைப்பின் ஒப்பந்தத்தில்தான். அர்ஜென்டினாவில் உரிமை மாகாணங்களுக்கு. அமெரிக்காவின் தனியார் நிலங்களில் பெரும்பாலும் நிலத்துக்காரருக்கு. அதனால் ஆண்டறிக்கையை எடுத்ததும் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, ராயல்டி (எடுப்பதற்காக உரிமையாளருக்குத் தரும் பங்கு) எவ்வளவு என்று பாருங்கள். எத்தனை டன் இருக்கிறது என்பது அப்புறம்.

முத்து, ஜூரோங் வெஸ்ட்: ஐயா, நீர் ஓரிடத்தில் நிற்காதே. பக்கத்து நிலத்திலிருந்தும் இழுத்துவிட மாட்டார்களா?

இழுக்கும். அமெரிக்க எண்ணெய்ச் சட்டத்தின் பழைய விதி, யார் கிணற்றில் வருகிறதோ அவருக்கே சொந்தம் என்பது. அதை அப்படியே விட்டால் ஆளுக்கொரு கிணறு தோண்டுவார்கள். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஸ்மாக்கோவர் பாறை அடுக்கின் உப்புநீரிலிருந்து பல பத்தாண்டுகளாக புரோமின் என்ற வேதிப்பொருளை எடுக்கிறார்கள். அங்கே பல நிலங்களை ஒரே அலகாகச் சேர்த்துவிடுகிறார்கள். கையெழுத்துப் போடாதவருக்கும் பங்கு உண்டு. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. லித்தியத்தை எடுத்தபின் மிச்ச நீரை மறுபடி பூமிக்குள் செலுத்துவதால், அலகுக்கு வெளியே இருப்பவரின் நீரில் லித்தியம் குறைந்துபோகலாம். எனவே அலகின் எல்லையை எங்கே போடுகிறார்கள் என்பதில்தான் நியாயமே இருக்கிறது. 2025 மே மாதம் அங்கே ஓர் அலகுக்கு லித்திய ராயல்டி 2.5 சதவீதம் என்று முடிவானது. நிலத்துக்காரர்களுக்கு அது குறைவு என்றே நினைக்கிறேன்.

ஷாஜஹான், தெம்பனிஸ்: எண்ணெயோடு சேர்ந்து வரும் கழிவுநீர்?

டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 2025 ஜூனில் சொன்னது இது: குத்தகைப் பத்திரத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், அந்த நீர் எண்ணெய்க் குத்தகைதாரருக்கே. கழிவு என்று நினைத்து அந்த வரியை எழுதாமல் விட்ட நிலத்துக்காரர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

செல்வி, சிராங்கூன் கார்டன்: எங்கள் தரைவீட்டுக்குக் கீழே ஏதாவது கிடைத்தால் எங்களுக்கா?

இடத்தின் உரிமை ஆழத்தைப் பொறுத்தது. 2015 சட்டத் திருத்தப்படி, பத்திரத்தில் ஆழம் குறிப்பிடாவிட்டால், உங்கள் உரிமை சிங்கப்பூர் உயர அளவுமட்டத்துக்கு (ஏறக்குறைய சராசரிக் கடல்மட்டம்) கீழே 30 மீட்டரோடு நின்றுவிடும். அதற்கும் கீழே உள்ள இடம் அரசாங்கத்துடையது. ஸ்மாக்கோவர் போன்ற உப்புநீர் அடுக்குகளோ கிலோமீட்டர் கணக்கில் ஆழத்தில் இருப்பவை.